பின்னால் ஓடிய குமிழ்

குமுளிக் கடையின் இரண்டாவது பெஞ்சுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். அடுத்த வாரம் முதல் எனக்குப் பாலக்காட்டுப் பக்கம், என் ஊருக்கு அருகில், வேறு வேலை. ஓய்வு பெறும் வயது எனக்கு ஆகவில்லை. ஆனாலும் ஐந்து வருடம் உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்திருப்பவள், அந்த பெஞ்சைப் பொறுத்தவரை ஓய்வு பெற்றவள்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

வயரிங் படங்கள் அலமாரியின் நீலக் கோப்பில் இருக்கின்றன. எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்ற பட்டியலும் அதிலேயே இருக்கிறது. சாலிடர் வைக்க உங்களுக்குத் தெரியும். கோப்பில் எழுத இடமில்லாத ஒரு நாளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடை பிறந்தது முதல் பெஞ்சில். அங்கே பழுதுபார்க்க வருபவை எலக்ட்ரானிக் தராசுகளும், ஏலக்காய் உலர்த்தும் டிரையர்களின் கன்ட்ரோல் போர்டுகளும். நம் பெஞ்ச் பிறகு வந்தது. நின்றுகொண்டு விளையாடும் அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டியை வீட்டில் வைக்க வேண்டும் என்று யாரோ கேட்டார்கள்; முதலாளி தயங்கினார்; நான் செய்கிறேன் என்றேன். தராசு பார்த்துப் பழகிய கை ஒன்று விளையாட்டுச் சாமான் செய்யப் போனது. அந்த நாளின் தவறு அங்கிருந்துதான் தொடங்கியது.

கேட்டவர் சக்குபள்ளத்தில் இருக்கும் பாக்கியம் அக்கா. ஏலக்காய் ஸ்டோரில் பதினைந்து வருட வேலை. டிரையரிலிருந்து இறக்கிய காயை வலைத் தட்டில் கொட்டி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து காம்பையும் காய்ந்த பூவையும் உதிர்ப்பது, பிறகு அளவு வாரியாகப் பிரிப்பது. வீட்டோடு சேர்ந்து இரண்டு அறை கட்டி, பஞ்சாயத்தில் லைசென்ஸ் வாங்கி, ஹோம்ஸ்டே தொடங்க இருந்தார். கணவர் தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை. அறைகளை அக்கா ஒருவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டோர் வேலையையும் ஹோம்ஸ்டேயையும் சேர்த்துப் பார்க்க முடியாது. திங்கட்கிழமைக்குள் வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்று ஸ்டோரில் சொல்லிவிட்டார்கள். முதல் விருந்தினர் வருவது அதற்கு முந்தின சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. அறை நடக்கும் என்ற நம்பிக்கை வருகிறதா இல்லையா என்பதை அந்த இரண்டு நாளில் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

"எல்லா ஊட்லயும் ரூமுதான் இருக்கு. ஜன்னலத் தொறந்தா மலையும் எல்லாத்துக்கும் தெரியுது. என் ஊட்ல மட்டும் என்ன இருக்குன்னு கேட்டா நா என்ன சொல்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்கு வந்தார். சின்ன வயதில் கம்பத்தில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்ட் அருகே இருந்த கேம் கடையில் விளையாடியவர். அதிலும் ஒரே ஒரு விளையாட்டு. கீழே ஒரு பலகை, மேலே செங்கல் வரிசை, பந்தைத் தட்டித் தட்டிச் செங்கல்லை உடைக்க வேண்டும். பலகையை நகர்த்த ஒரு உருண்டைக் குமிழ்.

அந்தக் குமிழைத்தான் ஸ்பின்னர் என்கிறோம். ரேடியோவின் வால்யூம் குமிழ் ஓரிடத்தில் போய் முட்டி நிற்கும். இது முட்டாது. இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டே போகும், தள்ளிவிட்டால் கையை எடுத்த பிறகும் சிறிது நேரம் ஓடும். இது சரியாக இல்லாவிட்டால் அந்த விளையாட்டே இல்லை.

வெளிநாட்டிலிருந்து ரெடிமேடாக வரும் ஸ்பின்னரின் விலை, நாங்கள் போட்ட மரப்பெட்டியின் விலையைத் தாண்டியது. அதனால் செய்தே தீர வேண்டும் என்று நான்கு வழிகளை எழுதிக்கொண்டேன். ஒன்று, உருண்டை வைத்த பழைய மவுஸைப் பிரித்து அதன் பல்சக்கரத்தைக் குமிழோடு இணைப்பது. வேலை செய்கிறது, ஆனால் அந்த மவுஸ் இப்போது கிடைப்பதில்லை. கெட்டால் மாற்றிக் கொடுக்க முடியாது. இரண்டு, கடையில் கிடைக்கும், சுற்றை எண்ணிச் சொல்லும் சின்ன என்கோடர் குமிழ். மிகவும் மலிவு, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் டிக் டிக்கென்று தடுக்கும்; தள்ளிவிட்டு ஓட விட முடியாது. மூன்று, பழைய ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார். சுழற்சி வெண்ணெய் போல இருக்கும், எண்ணுவதற்கான மின்சாரத்தைத்தான் மெதுவாகச் சுற்றும்போது தராது. நான்கு, ஃபாக்டரி இயந்திரங்களில் சுற்று எண்ணுவதற்கு வைக்கும் என்கோடர். ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. தூசு புகாமலிருக்க உள்ளே ரப்பர் வளையமும் கெட்டி கிரீஸும் இருப்பதால் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான் குறை.

நான்காவதை எடுத்தேன். இன்றும் அதுதான் சரி என்பேன். ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். பேரிங்கைப் பெட்ரோலில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். கம்பத்தில் லேத் கடையில் அலுமினியக் குமிழ் கடைந்து வாங்கி, கனத்துக்காக உள்ளே இரும்பு வளையம் வைத்தேன். ஒரு தட்டுத் தட்டினால் வெகு நேரம் சத்தமில்லாமல் சுற்றும். ஒரு முழுச் சுற்றை அந்த என்கோடர் 2400 பங்காக எண்ணும். அதில் எனக்குப் பெருமை. நூற்றுக்குக் கீழே இருந்தாலே போதும் என்று முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தராசு பெஞ்சில் பழகியவளுக்கு, எத்தனை நுணுக்கமோ அத்தனை நல்லது.

சோதித்ததும் தராசு பெஞ்சின் முறையில்தான். தராசில் எடைக்கல்லை மெதுவாக வைப்போம், எண் நிலைக்கும் வரை காத்திருப்போம். குமிழின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு, கோடு வந்து பொருந்தும்படி மெதுவாக நூறு சுற்றுச் சுற்றினேன். ஒரு எண்கூடத் தவறவில்லை. பட்டியலில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அதற்கு முன்பே பாக்கியம் அக்கா பெட்டியின் படத்தை அறை விளம்பரத்தில் சேர்த்திருந்தார். அதைப் பார்த்துத்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் முதல் அறையைப் பிடித்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப்பில் பெட்டியை இறக்கி முன் அறையில் நிறுத்தினோம். ஜீப் போய்விட்டது. பெட்டியை ஓடவிட்டு, குமிழை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றி விளையாடிக் காட்டினேன். பலகை நான் நினைத்த இடத்தில் போய் நின்றது.

"தள்ளு புள்ள, பாப்போம்" என்று வந்தார் பாக்கியம் அக்கா. விரலால் பிடிக்கவில்லை. உள்ளங்கையைக் குமிழின் பக்கவாட்டில் வைத்து, தட்டில் காயைத் தேய்ப்பாரே, அந்த வீச்சில் வலப்பக்கம் ஒரு இழு. பலகை இடப்பக்கம் ஓடியது. பந்து விழுந்தது.

மறுபடி ஒரு இழு. மறுபடியும் இடப்பக்கம்.

"நா கெழக்கால போன்னா அது மேக்கால போகுது. எங்க வீட்டுக்காரரக் கேட்டா செஞ்ச?"

"அக்கா, இத்தன வேகமாச் சுத்தக் கூடாதுங்க. மெதுவாச் சுத்தினா சரியா வருமுங்க."

எனக்கு இன்றும் கூச்சம் தரும் வார்த்தைகள் அவை. அவர் கோபப்படவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஒரு போர்டு எழுதிக் குடு. 'மெதுவாகச் சுற்றவும், இப்படிக்குக் குமுளிக் கடை'ன்னு. பெட்டிக்கு மேல மாட்டிர்றேன்."

பின்பக்கத்தைத் திறந்தேன். ஒயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். சாலிடரைப் புதுப்பித்தேன். பெட்டிக்குள் என்கோடரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாற்றுப் போர்டு போட்டேன். மதியம் மணி ஒன்றாகிவிட்டது. உள்ளங்கை வீச்சுக்குப் பலகை பின்னால்தான் ஓடியது. முதலாளிக்குப் போன் செய்தேன்.

"யாரும்மா அவ்வளவு வேகமாச் சுத்துறது?"

"பாக்கியம் அக்காதானுங்க."

"பேரிங்ல கொஞ்சம் கிரீஸ அப்பி விடும்மா. இறுகிப்போகும், யாராலயும் வேகமாச் சுத்த முடியாது. பத்து நிமிஷ வேல. திங்கக்கிழம கடையில வச்சு நிதானமாப் பாப்போம்."

முதலாளியைக் குறை சொல்லவில்லை. நான்கு மணிக்கு ஆள் வரும் வீட்டில் நின்றுகொண்டு யோசித்தால் அது நல்ல யோசனைதான். கிரீஸ் டப்பா என் பையில் இருந்தது. மூடியையும் திறந்துவிட்டேன். அப்போது இரண்டு டம்ளரில் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்த பாக்கியம் அக்கா, "அது எதுக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வசதியான இடம் அது. பேரிங் சர்வீஸ் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு ஏனோ வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். கிரீஸ் வைத்தால் நான்கு மணிக்குள் நிச்சயம் ஓடும், ஆனால் கனமாக, தேங்கித் தேங்கிச் சுற்றும். காரணத்தைத் தேடினால் சரியாகவும் ஆகலாம், நான்கு மணிக்குப் பெட்டி திறந்தபடியும் கிடக்கலாம்.

"என்ன காரணமுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியலீங்க."

இதைச் சொல்ல எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது என்பதைக் கவனியுங்கள்.

சாயாவைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "கிரீஸு வேணாம். நீ தேடு. ஆனா மூணரைக்குக் கைய எடுத்துரணும். ஆகலேன்னா பெட்டி மேல போர்வையப் போட்டு மூடிருவேன். ரிப்பேரு, நாளைக்கு ஓடும்னு வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன். அவங்களக் கூட்டிட்டுப் போய் ஏலத்தோட்டத்தச் சுத்திக் காட்டிருவேன். ஓடாதத ஓடுதுன்னு சொல்லி முத நாளே ஆரம்பிக்க மாட்டேன்."

பிறகு கடை வேலையாகப் பல பெரிய இடங்களில் பல கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் முடிவெடுத்து நான் பார்க்கவில்லை. எதைத் தேடுவது, எப்போது நிறுத்துவது, நின்றால் என்ன செய்வது, கேட்பவரிடம் என்ன சொல்வது. நான்கும் ஒரு டம்ளர் சாயாவுக்குள் முடிந்தன. அதுவும், போனால் அவருடைய பிழைப்பு போகும், என்னுடையது போகாது.

"நா சும்மாதான நிக்கேன். எதாவது செய்யவா?" என்றார்.

"வேற வேற வேகத்துல சுத்திப் பாத்துச் சொல்றீங்களா அக்கா?"

நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். முன்னால் குமிழின் சத்தம் மட்டும் கேட்டது. சற்று நேரம் கழித்துப் பெட்டிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"கேளு. பத்துத் தடவ வலப்பக்கம். மூணு மெதுவா, சரி. மூணு நடுவாந்திரம், சரி. நாலு வேகம், நாலும் எதிர்த்தாப்ல. எடப்பக்கமும் பத்து. அங்கயும் அதே கததான். நடுவுல எங்கயும் நிக்கல, திக்கல. ஒரு வேகம் வரைக்கும் ஒழுங்காப் போகுது, அதத் தாண்டுனதும் பட்டுனு திரும்புது. தாண்டுறப்ப ஒரு தடவகூடத் தப்பல."

நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டேன். படித்தவர்களிடமிருந்து எனக்கு வரும் புகார் 'சரியா வேலை செய்யலை' என்று ஒற்றை வரியில் இருக்கும். இவருக்கு எப்படி இப்படிச் சொல்லத் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "ஸ்டோர்ல காயி சரியில்லன்னா எந்தத் தட்டு, எந்த அளவு, எத்தனன்னு சொல்லணும். மொட்டையாச் சொன்னா மொத்த லாட்டையும் கழிச்சிருவாங்க" என்றார்.

அவர் சொன்னதை வரிசையாக எடுத்துக்கொண்டேன். ஒயர் விட்டிருந்தால் திக்கும், திக்கவில்லை. ஒரு பக்கத்து சென்சார் கெட்டிருந்தால் ஒரு பக்கம்தான் தவறும். இரண்டு பக்கமும் தவறுகிறது. பேரிங் தளர்வு என்றால் சில நேரம் வரும், சில நேரம் வராது. இது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அப்படியானால் கோளாறு இரும்பிலும் இல்லை, ஒயரிலும் இல்லை. ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் அர்த்தம் மாறுகிறது.

எல்லை நான் எழுதிய புரோகிராமில் இருந்தது. குமிழ் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் போர்டு நொடிக்கு நூறு முறை கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஒரு முறைக்கு 127 வரைதான் சொல்ல முடியும். அதற்கு மேல் போனால் அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் எதிர்த்திசை என்று படித்துக்கொள்ளும். இரண்டு விரலால் சுற்றினால் முப்பதைத் தாண்டாது. பாக்கியம் அக்காவின் உள்ளங்கை வீச்சுக்கு இருநூறு வரை போனது. நான் பெருமைப்பட்ட 2400 பங்குதான் அந்த எண்ணை அவ்வளவு பெரிதாக்கியது. கழுவி எண்ணெய் விட்ட பேரிங் அத்தனை வேகத்துக்கும் வழிவிட்டது. நன்றாகச் செய்த இரண்டு வேலைகள் ஒன்றுசேர்ந்து ஒரு தவறாகியிருந்தன.

திருத்தம் இரண்டு வரி. நான்கு எண்ணுக்கு ஒன்று என்று குறைத்துச் சொல். அப்படியும் எல்லையைத் தாண்டினால், மீதியை வைத்திருந்து அடுத்த முறை சொல். எழுதிப் போர்டில் ஏற்றியபோது மூன்று இருபது.

"சுத்துங்க அக்கா."

இழுத்தார். பலகை வலது ஓரத்துக்குப் போய் நின்றது. இடப்பக்கம் இழுத்தார், இடது ஓரம். பத்துத் தடவை வலம், பத்துத் தடவை இடம். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். இருபது முடிந்ததும், "மூடிரு பெட்டிய" என்று சொல்லிவிட்டு அறைகளில் படுக்கை விரிக்கப் போனார்.

அதற்குப் பிறகு நம் பெஞ்சில் எந்தக் குமிழும் பாக்கியம் அக்கா வந்து கை வைக்காமல் வெளியே போனதில்லை. பட்டியலில் 'உ.கை. 20' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையால் இருபது என்று பொருள். அவர் வர முடியாத நாளில் நீங்கள் செய்யுங்கள். அளந்து அளந்து சுற்றாதீர்கள், வீசுங்கள். நாம் செய்த பொருளைப் பத்திரமாகத் தொடுவது நம் கை ஒன்றுதான். வாங்குகிறவர் கை அப்படித் தொடாது, தொட வேண்டிய அவசியமும் அதற்குக் கிடையாது. இன்னொன்று, தெரியவில்லை என்ற வார்த்தையைப் பதினொரு மணிக்கே சொல்லப் பழகுங்கள். நான் ஒரு மணிக்குச் சொன்னேன். நடுவில் போன இரண்டு மணி நேரம் என்னுடையதல்ல, பாக்கியம் அக்காவுடையது.

நான்கேகாலுக்குக் கார் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவர் மனைவியும். அவர் பையைக்கூட இறக்காமல் நேராகப் பெட்டிக்கு வந்தார். குமிழை இரண்டு விரலால் பூப்போலப் பிடித்துச் சுற்றினார். அவ்வளவு மெதுவாக. கோளாறோடு விட்டிருந்தால்கூட அவர் கைக்கு அது கடைசி வரை தெரிந்திருக்காது. நான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் சீக்கிரமே தோற்றார். "இத்தன வருஷம் ஆச்சுல்லங்க, கை மறந்து போச்சு" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க, கை மட்டுந்தான் மறந்துச்சு" என்றார் மனைவி.

"நா ஒரு கை பாக்கவா சார்?" என்று பாக்கியம் அக்கா வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் குமிழில் வைத்தார். நான் கருவிகளைப் பையில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பந்து எந்த மூலைக்கு வந்தாலும் பலகை அதற்கு முன்பே அங்கே இருந்தது. வீச்சின் முடிவில் ஒற்றை விரல் நுனியால் குமிழைத் தொட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தை நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. முதல் சுவர் உடைந்தது, இரண்டாவது உடைந்தது, மூன்றாவதும் உடைந்தது. கோயம்புத்தூர்க்காரர் கைகட்டி நின்றிருந்தவர், கையை எடுத்துப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இதை எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"நாளைக்கு ஒரு நாள்ல வராது சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "என்னையப் பார்த்தா? லீவு உங்குளுதுதானுங்க" என்றார். அவர் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, திங்கட்கிழமை வரை தங்குவதாகவும், அடுத்த வாரம் தன் கூட்டாளிகளுக்கு இரண்டு அறையும் வேண்டும் என்றும் சொன்னார்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து தன் போனை எடுத்து, அங்கேயே நின்றபடி ஸ்டோர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பாக்கியம் பேசுறேன். திங்கக்கிழமைக்கு என் தட்டுக்கு வேற ஆளப் போட்டுக்கங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லண்ணே, யோசிச்சுட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு, கோயம்புத்தூர்க்காரரின் வலது கையைத் தூக்கிப் பார்த்து, விரல்களை விரித்து, குமிழின் பக்கவாட்டில் பதித்தார்.

"பிடிக்காதீங்க. தேய்க்கணும்."